நேற்றுப் போட்ட கையெழுத்து

நாட்டின் முதல் குடிமகளுக்குக் கணவனாக இருப்பவன் வீட்டில் கடைசிக் குடிமகன். ஜனாதிபதி மாளிகையில் எனக்கு ஒரு வாய் தேநீர் வேண்டுமென்றால் அது மூன்று பேர் கை மாறி வரும். வந்து சேரும்போது ஆறிப்போயிருக்கும். நான் பல் டாக்டராக இருந்தவன். என் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் வாயைத் திறந்தார்கள். இந்த மாளிகையில் வாயைத் திறக்க ஆளே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறை.

அன்று காலை செய்தித்தாளைப் பிரித்தேன். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: ‘தேர்தல் ஒரு வருடம் தள்ளிப்போகிறது. மசோதாவில் ஜனாதிபதி நேற்று கையெழுத்திட்டார்.’

எதிரில் என் மனைவி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“நேத்து எதுலயாவது கையெழுத்துப் போட்டியா?” என்று கேட்டேன்.

“பேத்தியோட பிறந்தநாள் அட்டையில போட்டேன். ஏன் கேக்குறீங்க?”

தாளை நீட்டினேன். படித்தாள். கத்தியை மெதுவாகக் கீழே வைத்தாள். நீதிபதியாக இருந்த காலத்திலிருந்தே, அவள் ஒரு பொருளை அப்படிச் சத்தமில்லாமல் கீழே வைத்தால் யாருக்கோ கேடுகாலம்.

சற்று நேரத்தில் அவளுடைய செயலாளர் கோப்போடு வந்தார். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் வழக்கம்போல் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. நாளிதழைக் காட்டியதும் அவர் முகம் சுண்டிப்போனது.

“மேடம், இது எப்பவும் நடக்குறதுதான். செய்தியை முந்தின நாளே பத்திரிகைக்குக் குடுத்துடுவோம், மறுநாள் கோப்பு உங்ககிட்ட வரும். இதுவரைக்கும் எந்த ஜனாதிபதியும் போடாம இருந்ததில்லையே!”

பாவம், அவர் பொய் சொல்லவில்லை.

“வெச்சிட்டுப் போங்க. படிக்கணும்.”

“படிக்கணுமா மேடம்?” என்று கேட்டார் பாருங்கள், எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. இதற்காகத்தானே ஊரெல்லாம் என் மனைவியை ‘ரப்பர் ஸ்டாம்ப்’ என்கிறது! போன மாதம் முடிவெட்டப் போன இடத்தில், நான் யாரென்று தெரியாமல், கடைக்காரரே அதைச் சொல்லிச் சிரித்தார். பாதி வெட்டிய தலையோடு எழுந்து வரமுடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் கடைசி வரி வரை படித்தாள். நடப்பு அரசு தன் பதவிக்காலத்தைத் தானே ஒரு வருடம் நீட்டிக்கொள்கிறது. காரணம் ‘நிர்வாக வசதி’. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தால் அதுவும் இப்படித்தான் எழுதும்.

“கிழிச்சுப் போடு!” என்றேன்.

“கிழிக்கிற அதிகாரம் எனக்கு இல்லீங்க. திருப்பி அனுப்பலாம். அதுவும் ஒரே தடவைதான். சபை மறுபடி நிறைவேத்தி அனுப்பினா, நான் போட்டே ஆகணும்.”

“அப்புறம் என்னத்துக்கு இந்தப் பதவி?”

“அந்த ஒரு தடவைக்குத்தான்.”

மதியத்துக்குள் பிரதமரே ஓடி வந்தார். அவள் அமைதியானவள், தொந்தரவு தரமாட்டாள் என்று நம்பி இந்தப் பதவிக்கு அவளைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

“என்னக்கா இது? பேப்பர்ல வந்தாச்சு. இப்பப் போய் இல்லேன்னா என் மானம் என்னாகுறது?”

“நான் போடாத கையெழுத்தைப் போட்டேன்னு சொன்னீங்களே, என் மானம் என்னாகுறது தம்பி?”

“திருப்பி அனுப்புங்க. இந்த வாரமே அதே மசோதா உங்க மேசைக்கு வரும். எங்களுக்குப் பெரும்பான்மை இருக்கு.”

“வரட்டும். வந்தா அதே நிமிஷம் போட்டுடுறேன். அதுவும் என் கடமைதானே? ஆனா திரும்பி வர்ற மசோதாவுக்கு, ஒவ்வொரு உறுப்பினரும் எழுந்து நின்னு வாயைத் திறந்து சொல்லணும். சட்டத்துல இருக்கு. படிச்சீங்களா?”

அவர் படிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. முதல் தடவை மேசையைத் தட்டியே நிறைவேற்றிவிட்டார்கள். யார் தட்டினார், யார் தட்டவில்லை என்று யாருக்குத் தெரியும்?

அன்றே அவள் மசோதாவைத் திருப்பி அனுப்பினாள். வாக்கெடுப்பு நாளில் நான் பார்வையாளர் மாடத்தில் இருந்தேன். மசோதா நிறைவேறிவிட்டால் செய்தித்தாளின் பொய் உண்மையாகிவிடும். தேர்தல் ஒரு வருடம் தள்ளிப்போய்விடும். என் மனைவி சாகும்வரை ரப்பர் ஸ்டாம்ப்தான்.

முதலில் எழுந்த ஆளுங்கட்சிக்காரர்கள் தரையைப் பார்த்தபடி “ஆதரிக்கிறேன்” என்றார்கள். ஒன்று, இன்னொன்று, இன்னும் ஒன்று. விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு எல்லோரும் ‘தூங்குமூஞ்சி’ என்று கேலி செய்யும் ஆளுங்கட்சி உறுப்பினரின் முறை வந்தது. சபையில் அவர் விழித்திருந்து நான் பார்த்ததேயில்லை. அன்று விழித்திருந்தார். நேரடி ஒளிபரப்புக் கேமராவை நேரே பார்த்தார்.

“எங்க ஜனங்ககிட்ட நான் கேட்டது அஞ்சு வருஷம். ஆறாவது வருஷத்தை எனக்கு யாரும் குடுக்கல. இதை வாயால சொல்லிட்டு நான் எந்த மூஞ்சியோட ஊருக்குப் போவேன்? எதிர்க்கிறேன்!”

அவ்வளவுதான், மடை திறந்தது. அடுத்தவர் எதிர்த்தார். அவருக்கு அடுத்தவரும் எதிர்த்தார். ‘ஆதரிக்கிறேன்’ என்று தொடங்கிய ஒருவர், தன் மனைவியின் முகம் நினைவுக்கு வந்ததோ என்னவோ, பாதியில் நிறுத்தி, “இல்ல இல்ல, எதிர்க்கிறேன்” என்றார். சபாநாயகர் முடிவை வாசிக்கும்போது எழுந்த ஆரவாரத்தில் அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. மசோதா தோற்றது! மாடத்தில் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினேன். இந்த வயதில் நான் அப்படிக் கத்துவேன் என்று நானே நினைத்ததில்லை.

மாளிகைக்குத் திரும்பும் வழியெல்லாம் தெருவில் ஜனம். பேருந்துகள் நின்ற இடத்திலேயே ஹாரன் அடித்தன. முடிவெட்டும் கடை வாசலில் அந்தக் கடைக்காரர் துண்டை உயர்த்திச் சுழற்றிக்கொண்டிருந்தார். காரை நிறுத்தச் சொல்லி, “யாருக்கு இவ்வளவு ஆரவாரம்?” என்று கேட்டேன்.

“நம்ம அம்மாவுக்கு சார்!” என்றார். இந்தத் தடவையும் அவருக்கு என்னைத் தெரியவில்லை. போகட்டும்.

மறுநாள் தேர்தல் அறிவிப்பு கையெழுத்துக்கு வந்தது. கோப்பில் மஞ்சள் சீட்டு இல்லை. என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினாள். செயலாளர் கைகட்டி நின்றார். அவர் போன் அடித்தது. பத்திரிகைப் பிரிவுக்காரர் செய்தியை வெளியிடலாமா என்று கேட்டிருக்கவேண்டும்.

“இன்னும் போடல,” என்றார் செயலாளர், குரலைத் தாழ்த்தி. “இருங்க. மேடம் படிச்சிட்டிருக்காங்க.”