மூன்றாவது தடவை

கில்நாராவைப் பற்றி மோகனப்ரியாவுக்குத் தெரியாதது எதுவுமில்லை. ஆகஸ்ட் மாதத்துப் படகுப் பந்தயம் எந்தப் பாறைக்குப் பக்கத்தில் தொடங்கும், எதிரே இருக்கிற தீவுக்கு முதல் படகு எத்தனை மணிக்குக் கிளம்பும், மழை வந்தால் சுற்றுலாப் பயணிகள் எந்தத் தேநீர்க் கடையில் ஒதுங்குவார்கள் என்று எல்லாம் சொல்வாள். ஆனால் அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரை அவள் கண்ணால் பார்த்ததில்லை. சூளகிரியில் வீடு, மூக்கண்டப்பள்ளியில் வேலை, இரண்டுக்கும் நடுவே கம்பெனி பஸ். அவ்வளவுதான் அவள் செய்த பயணம்.

கில்நாராவுக்கே போய் ஆறு வாரம் இருந்துவிட்டு வந்தவள் அனிதா. அவளைக் கேட்டால், "குளிருக்கா, எப்பப் பாத்தாலும் மழ" என்பாள். கடற்பறவை ஒன்று அவள் கையிலிருந்த உருளைக்கிழங்கு வறுவலைப் பிடுங்கிக்கொண்டு போன கதை ஒன்றை மட்டும் வைத்திருந்தாள். ஒரு வருடமாக கேன்டீனில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் எல்லாரும் புதிதாகக் கேட்பதுபோல் சிரித்தார்கள். மோகனப்ரியாவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் சாப்பாடு இறங்காது.

வயிற்றெரிச்சல் இருக்காதா பின்னே? ஆஸ்பத்திரிக்குப் போகும் ரப்பர் குழாய்களில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் அந்த வேலையில் மோகனப்ரியாவுக்கு ஒன்பது வருடம். அனிதாவுக்கு நான்கு. குழாயைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதை அனிதாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே மோகனப்ரியாதான். கம்பெனிக்குத் தலைமை இடம் கில்நாராவுக்குப் பக்கத்தில். அங்கே பயிற்சிக்கு ஒருவரை அனுப்பச் சொல்லிப் போன வருடம் உத்தரவு வந்தபோது, மனிதவள மேலாளர் குருமூர்த்தி லைனுக்கு வந்து கேட்ட ஒரே கேள்வி, "யார்கிட்டம்மா பாஸ்போர்ட் ரெடியா இருக்கு?" என்பதுதான். அனிதா கையைத் தூக்கினாள். திறமை, அனுபவம் எல்லாம் அந்தத் தூக்கிய கைக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று.

அடுத்த மாதமே மோகனப்ரியா பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள். அது பீரோவில் கல்யாணப் பட்டுப்புடவையின் மடிப்புக்குள் இருந்தது. ரோஜாப் பண்ணையில் வேலை பார்க்கும் அவள் கணவன் முனிவேல், சின்ன மகளை மடியில் வைத்துக்கொண்டு, "பொடவயும் கட்டமாட்ட, பாஸ்போட்டயும் எடுக்கமாட்ட, ரெண்டும் நல்லாத் தூங்கட்டும்" என்று கிண்டல் செய்வான். அவள் பீரோவைச் சாத்திவிடுவாள். இந்தக் கோடையில் மறுபடியும் ஒருவரை அனுப்பப்போகிறார்கள், இந்தத் தடவை மூன்று மாதம், என்று லைனில் பேச்சு இருந்தது. அந்த ஒரு இடம் தன்னுடையது என்று அவள் தீர்மானித்திருந்தாள்.

அதுவரைக்கும் அவளுக்குத் துணை கைப்பேசிதான். கம்பெனி பஸ்ஸில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டால் கில்நாராவுக்குப் போய்விடுவாள். அந்த ஊர் ஆட்கள், சுற்றுலா வந்தவர்கள் என்று யார் யாரோ எடுத்துப் போட்ட வீடியோக்கள். ஊருக்கு வெளியே ஒரு புனிதக் கிணறு இருக்கிறது. அதை வலமாக ஏழு சுற்றுச் சுற்றி, சுற்றுக்கு ஒரு கூழாங்கல் போடவேண்டும். பக்கத்து மரத்தில் நோய் தீர வேண்டித் துணி கட்டுவார்கள், நம் ஊர் மரத்தில் தொட்டில் கட்டுகிற மாதிரியேதான். தார் பூசிய தோணிகளுக்குப் பாதிரியார் தீர்த்தம் தெளித்த பிறகுதான் பந்தயம். ஒரே ஒரு முள்மரத்தை வெட்டப் பயந்து தார்ச்சாலையையே வளைத்துப் போட்டிருக்கிறார்கள். ஊர் எருதுவிடும் விழாவுக்கு ஒரு வருடம்கூடப் போகாத மோகனப்ரியா, அந்த முள்மரம் எந்த வாரத்தில் பூக்கும் என்று கணக்காகச் சொல்வாள்.

அவளுக்கு மிகவும் பிடித்துப்போன வழக்கம் ஒன்று உண்டு. ஒரு கிழவர் அதை வீடியோவில் விளக்கியிருந்தார். அங்கே யாராவது தேநீர் வேண்டுமா என்று கேட்டால் உடனே சரி என்று சொல்லக்கூடாது. அது அலைகிற புத்தி. முதல் தடவை வேண்டாம் என்று சொல்லவேண்டும். வற்புறுத்துவார்கள். இரண்டாவது தடவையும் வேண்டாம். மூன்றாவது தடவை கேட்கும்போது, சரி, நீங்கள் இவ்வளவு சொல்வதால் என்று வாங்கிக்கொள்ளவேண்டும். கேட்கிறவரும் மூன்று தடவை கேட்காமல் விடமாட்டார். எவ்வளவு மானமுள்ள ஜனங்கள் என்று மோகனப்ரியா நினைத்துக்கொண்டாள். அனிதா மாதிரி பாய்ந்து கையைத் தூக்குகிறவர்களுக்கு அந்த ஊரில் என்ன மரியாதை இருந்திருக்கும் என்றும் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அன்று முழுக்க இனித்தது.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை நோரீன் வந்தாள். கில்நாராக்காரி, பயிற்சிப் பிரிவுக்குத் தலைவி, ஐம்பத்தைந்து வயதிருக்கும். அந்த ஒரு இடத்துக்கு ஆளைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். வந்ததும் அனிதாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மோகனப்ரியா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழாயைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே பார்த்தாள். அன்று காலை அவள் கையில் போன குழாய்களில் குமிழி வந்ததா வரவில்லையா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மதியம் கேன்டீனில் லைன் ஆட்கள் எல்லாரையும் உட்காரவைத்தார்கள். குருமூர்த்திக்கு நோரீனின் இங்கிலீஷ் பாதி புரியவில்லை. தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றிலும் அதட்டத் தெரிந்த மனிதர், அவள் எதைச் சொன்னாலும் "எஸ், எஸ்" என்று தலையாட்டினார். மோகனப்ரியாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. ஒரு வருடமாகக் காதில் ஒலித்த பேச்சு.

காபி வந்தது. நோரீன் கையை ஆட்டி வேண்டாம் என்றாள். குருமூர்த்தி உடனே, "மேடத்துக்கு வேணாமாம், எடுத்துட்டுப் போங்க" என்றார்.

மோகனப்ரியா எழுந்தாள். டம்ளரை வாங்கி நோரீன் முன்னால் வைத்து, எங்கள் ஊர்க் காபி, குடித்துப் பாருங்கள் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். நோரீன் மறுபடி வேண்டாம் என்றாள். மோகனப்ரியா மூன்றாவது தடவையும் சொன்னாள். நோரீன் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்து டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"எங்க ஊர்ப் பழக்கத்தை உங்களுக்கு யார் சொன்னது?"

அதற்குப் பிறகு மோகனப்ரியாவை யாரால் நிறுத்தமுடியும்? கிணறு, கூழாங்கல், மரத்தில் கட்டும் துணி, வளைந்த சாலை. தட்டுத் தடுமாறித்தான் பேசினாள், ஆனால் ஒன்றையும் விடவில்லை. கோடையில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற பயணிகளைப் பார்த்து ஊர்க்காரர்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் அதே ஆட்கள்தான் அவர்களுக்குக் கம்பளிச் சட்டை விற்பார்கள் என்று அவள் சொன்னபோது நோரீன் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். "ஆறு வாரம் எங்க கூடவே இருந்த அனிதாவுக்கு இதுல பாதி தெரியாதே" என்றாள்.

அனிதா வெட்கமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க மோகனப்ரியாவுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஒரு வருட வயிற்றெரிச்சலுக்கு அன்றுதான் தண்ணீர் விட்டார்கள்.

நோரீன் அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். "இவ்வளவு தெரிஞ்ச நீங்க அதை நேர்ல பாக்கவேண்டாமா? இந்தக் கோடைக்கு நீங்க வாங்களேன்."

கேன்டீன் முழுக்க அவளையே பார்த்தது. வருகிறேன் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் தான் யார்? அனிதாவா, பாய்ந்து கையைத் தூக்க? கேட்பவள் கில்நாராக்காரி. அவள் ஊர் மரியாதைப்படியே அவளுக்குப் பதில் சொல்லிக் காட்டவேண்டும்.

"வேண்டாங்க. வேற யாராவது போகட்டும்" என்று தலையைக் குனிந்து புன்னகை செய்தாள். ஒன்று.

"நிஜமாவா? யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமாங்க, பரவாயில்ல." இரண்டு. இன்னும் ஒன்றுதான். பீரோவைத் திறந்து பட்டுப்புடவை மடிப்பிலிருந்து பாஸ்போர்ட்டை எடுப்பது மோகனப்ரியாவின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவதாகப் பேசியது குருமூர்த்தி. வேண்டாம் என்ற சொல் அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. "ஃபேமிலி மேடம். சின்னப் பொண்ணு இருக்கு. லேடீஸுக்குக் கஷ்டம்தான்" என்றார். நோரீனின் முகம் மாறியது. குடும்ப விஷயத்தில் அதற்குமேல் வற்புறுத்தக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, மோகனப்ரியாவின் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தாள். குருமூர்த்தி எதிர்ப்பக்கம் திரும்பினார். "அனிதா, நீ போறியாம்மா?"

"போறேன் சார்" என்றாள் அனிதா. ஒரே தடவை.

மறுநாள் காலை மோகனப்ரியா குருமூர்த்தியின் அறைக்குப் போனாள். தூக்கமில்லாத கண் எரிந்தது.

"சார், நான் போறதுக்கு ரெடிதான் சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா வெளயாடறியா? அத்தன பேர் முன்னாடி ரெண்டு தடவ கேட்டாங்க. ரெண்டு தடவயும் நீதான வேணான்ன?"

"அது சார், அவங்க ஊர்ல மூணு தடவ..." என்று தொடங்கியவளுக்கு, சொல்லச் சொல்லவே அது எவ்வளவு கேலிக்கூத்து என்று புரிந்தது. பாதியில் நிறுத்திவிட்டாள்.

"திங்கக்கெழம பேரு அனுப்பணும். அதுக்குள்ள அனிதாவே வேணான்னு சொன்னா உன் பேரப் போடறேன். நானா மாத்தமுடியாது. அது நல்லாருக்காது, பாரு."

அனிதா வேண்டாம் என்று சொல்வாளாம். மோகனப்ரியாவுக்குச் சிரிப்புதான் வந்தது. அன்று முழுக்க அனிதாவின் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தாள். கில்நாரா மீதே கோபம் வந்தது. கிணறாவது, முள்மரமாவது. அந்த ஊர்க் கிழவர் எதற்கு அந்த வீடியோவைப் போட்டார்?

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அனிதா வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். பஸ் நெடுஞ்சாலையில் ஏறியதும், "ஏன்கா வேணான்னீங்க? உங்களுக்குப் போகணுன்னு எவ்ளோ ஆச. எனக்குத் தெரியாதா?" என்றாள்.

மோகனப்ரியா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அவங்க ஊர் வழக்கம் அது. மூணு தடவ கேப்பாங்க. உனக்கு அதெல்லாம் எங்க தெரியப்போவுது" என்றாள்.

"தெரியும்கா. மொத வாரம் நான் வேணாம் வேணான்னு சொல்லச் சொல்ல, தட்டு நெறய கேக்கு வெச்சுட்டாங்க. சாப்பிட்டு வயித்து வலியே வந்துடுச்சு." அனிதா சிரித்தாள். "ஆனா அது டீக்கும் கேக்குக்கும்தான்கா. வேலன்னா அங்கயும் ஒரே தடவதான் கேப்பாங்க. நம்ம குருமூர்த்தி சார் இருக்கற எடத்துல அந்த ஒரு தடவயே பெருசு."

மோகனப்ரியாவுக்குக் காது சூடாயிற்று. ஒரு வருடம் உட்கார்ந்து பார்த்தும் தனக்குத் தெரியாத ஒன்று, கடற்பறவைக் கதை மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்த இவளுக்குத் தெரிந்திருக்கிறது. இதையும் அங்கேயிருந்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டாளே என்று பொறாமை பொங்கியது. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

அனிதா அதைப் பார்த்தாள். மெல்ல அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் வேணா சார்கிட்ட முடியலன்னு சொல்லிடட்டுமா? நீங்க போயிட்டு வாங்க."

இப்படிக் கேட்டால் யாரும் என்ன சொல்வார்களோ அதைத்தான் அனிதா எதிர்பார்த்திருந்தாள். சேச்சே, நீ போடி, நீ சின்னப் பொண்ணு, உனக்குத்தான் வாழ்க்கை இருக்கு. இவள் இன்னொரு தடவை கேட்பாள், அவள் இன்னொரு தடவை மறுப்பாள், சூளகிரி வருவதற்குள் இருவரும் அக்கா தங்கையாக இறங்குவார்கள். மோகனப்ரியாவின் வாயிலும் அந்த வேண்டாம் தயாராகத்தான் இருந்தது. அதை விழுங்கினாள்.

"சொல்லிடு" என்றாள்.

அனிதாவின் கை அவள் கைமேல் அப்படியே இருந்தது. முகத்தில் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுவிட்டது. "அக்கா?"

"திங்கக்கெழம பேரு அனுப்பறாரு. இப்பவே மெசேஜ் போட்டுடு, அனிதா."

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. அனிதா கையை எடுத்துக்கொண்டு பையிலிருந்து கைப்பேசியை வெளியே எடுத்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். அனுப்பும்போது மோகனப்ரியா அவள் முகத்தைப் பார்த்தாள். உதடு இறுகி, கண் எங்கேயோ போய், கன்னத்தில் ஒரு சதை துடித்துக்கொண்டிருந்த அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருடமாகக் காலையில் தலை வாரும்போது கண்ணாடியில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிஜமாகவே சம்மதம்தானா என்று மோகனப்ரியா இரண்டாவது தடவை கேட்கவில்லை.