பகல் விளக்கு

புது லாரி வந்த முதல் வாரம் செல்லதுரைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. இன்ஜின் ஓடினாலே முகப்பில் இரண்டு வெள்ளை விளக்குகள் தாமாக எரியும். பகலிலும் வண்டி வருவது எதிரில் இருப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று கம்பெனிக்காரன் வைத்தது. அணைக்க சுவிட்ச் கிடையாது. ஆனால் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் எதிரே வந்த அத்தனை பேரும் கையை நீட்டி, விரல்களைக் குவித்து விரித்துக் காட்டினார்கள். லைட் எரிகிறதாம்! வைக்கோல் கட்டு சுமந்து போன ஒரு பெண், ஒரு கையால் சுமையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காட்டினாள். நம் ஜனங்களின் அக்கறைக்கு அளவே இல்லை. செல்லதுரையும் ஒவ்வொருவருக்கும் தலையாட்டிவிட்டுப் போனான்.

அந்தச் சிரிப்பு மேலத்தெருவில் நின்றுபோனது.

நெல் கொள்முதல் நிலையம் அந்தத் தெருவின் கோடியில் இருந்தது. அங்கிருந்து கிடங்குக்கு மூட்டை ஏற்ற வருகிற லாரிக்கு வேறு வழி கிடையாது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் பஞ்சநதம். முன்னாள் ஊராட்சித் தலைவர், கரைவேட்டி, மேடை ஏறினால் சமத்துவத்தைப் பற்றி அரைமணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவார். அவரும் கைகாட்டி வண்டியை நிறுத்தினார். ஆனால் விரல்களைக் குவித்து விரிக்கவில்லை. ஒற்றை விரலை ஆட்டினார்.

"என்னடா, பட்டப்பகல்ல எங்க தெருவுல வெளக்கப் போட்டுக்கிட்டு வர்ற? அணை."

"அணைக்க முடியாதுங்கய்யா. இன்ஜின் ஓடினா தானா எரியும்."

"ஒன் அப்பன் சைக்கிள தெருமுனையிலேயே எறங்கித் தள்ளிக்கிட்டுப் போவான். நீ எம் மூஞ்சிக்கு நேரா வெளிச்சம் அடிக்கிற. இந்தத் தெருவுக்குள்ள எந்த வெளக்கும் எரியக்கூடாது. இல்லன்னா லோடு வேற வண்டிக்குப் போவும்."

அவருக்குப் பின்னால், கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்த அவருடைய மகனின் காரில் அதே வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செல்லதுரை அதைப் பார்த்தான். அவன் பார்ப்பதைப் பஞ்சநதமும் பார்த்தார். கொஞ்சமாவது கூச வேண்டுமே!

சொன்னபடியே செய்தார். மறுநாள் மற்ற லாரிகளுக்கெல்லாம் மூட்டை ஏறியது. செல்லதுரையின் வண்டி மாலை வரை வெறுமனே நின்றது. பஞ்சநதத்தின் பேச்சைத் தட்டாத நிலையத்து எழுத்தர் தலை நிமிரவே இல்லை. சம்பா அறுவடை இன்னும் இருபது நாள்தான். அதை விட்டால் வண்டி குறுவை வரை சும்மா கிடக்கும்.

செல்லதுரை ஜெக்கரியாவின் எலெக்ட்ரிக் பட்டறைக்குப் போனான். "வயர வெட்டி விட்டுடுங்க பாய்" என்றான். காரணத்தைக் கேட்டதும் அவர் கையிலிருந்த டெஸ்டரைத் தரையில் எறிந்தார்.

"அவன் தெருவாமா? ரோடு என்ன அவன் வீட்டுக் கூடமா? வெளக்கு இல்ல தொரை, அவன் கண்ண உறுத்துறது. ஒங்கப்பா கோர்ட்டுக்குப் போயி, அவன் குடும்பத்துக்கிட்டேருந்து மீட்டாரே குத்தகை நெலம், அதுதான் உறுத்துது!"

"தெரியும் பாய். இப்ப எனக்கு லோடு வேணும்."

வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. அந்த விளக்குக்கு உரிய பீஸை மட்டும் உருவி, அவன் சட்டைப் பையில் போட்டார். "வேணுங்கிறப்ப நீயே சொருகிக்க."

அடுத்த இரண்டு நாளும் ஒழுங்காக லோடு கிடைத்தது. சாப்பாடுதான் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு மணியாகியும் தைப் பனி விலகவில்லை. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வந்த செல்லதுரை, மேலத்தெரு முனையில் வண்டியை நிறுத்தி அதையும் அணைத்தான். அப்பா சைக்கிளை விட்டு இறங்கியது இதே இடத்தில்தான். நடக்கிற வேகத்தில் வண்டியை உருட்டினான்.

பனிக்குள்ளிருந்து திடீரென்று ஒரு கை தெரிந்தது. பிரேக்கை அழுத்தி மிதித்தான். பம்பருக்கு ஒரு முழம் முன்னால் பஞ்சநதம் நின்றார். பால் தூக்கு தரையில் உருண்டது, வேட்டியெல்லாம் பால்.

"குருட்டுப் பயலே! இந்தப் பனியில லைட்டப் போட்டுக்கிட்டு வரத் தெரியாது?"

செல்லதுரை கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான். ஒரு உயிர் போயிருக்கும். பழி இவன் தலையில் விழுந்திருக்கும். அணைக்கச் சொன்னது அவர்தான் என்று ஒருவரும் சாட்சி சொல்லியிருக்க மாட்டார்கள்!

"நீங்கதான அணைக்கச் சொன்னீங்க?"

"அது... பனி இல்லாதப்ப சொன்னது."

செல்லதுரை பையிலிருந்த பீஸை எடுத்து, குனிந்து அதன் இடத்தில் சொருகினான். இரண்டு வெள்ளை விளக்குகளும் பஞ்சநதத்தின் நனைந்த வேட்டிமேல் பளீரென்று விழுந்தன.

"இனிமே இது அணையாது. லோடு இல்லன்னாலும் அணையாது. ஓரமா நில்லுங்க."

'ஐயா' என்ற சொல் வரவில்லை. அவன் தேடவும் இல்லை. பஞ்சநதம் ஓரமாக நின்றார்.

சத்தம் கேட்டு நிலையத்திலிருந்து ஓடிவந்த சுமைக்காரர்கள் எல்லாவற்றையும் பார்த்திருந்தார்கள். நிலையத்தில் எழுத்தர் வாயைத் திறப்பதற்குள் அவர்களில் மூத்தவரான முருகையன், "மொதல்ல இந்த வண்டிக்கு ஏத்துறோம். அப்புறந்தான் மத்தது" என்று மூட்டையைத் தோளில் ஏற்றினார். எழுத்தர் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டார்.

லோடு ஏறி வண்டி திரும்பும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. வேட்டி மாற்றி வாசலில் உட்கார்ந்திருந்த பஞ்சநதம், எரிகிற விளக்கைப் பார்த்து ஒற்றை விரலைத் தூக்கினார். வழியில் கைகாட்டுகிற எல்லோருக்கும் தலையாட்டுவது போலவே அவருக்கும் ஒருமுறை தலையாட்டிவிட்டு, செல்லதுரை வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.