இருபத்திரண்டரைப் பையன்கள்

என் வீட்டுக்காரர் பெயர் செங்குட்டுவன். பெயரைக் கேட்டால் படை திரட்டிக்கொண்டு வடக்கே கிளம்பப் போகிறவர் என்று தோன்றும். பஸ் ஓட்டப் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அவர் வேலை. வளைவில் எப்படித் திரும்புவது, நிறுத்தத்தில் எப்படி ஒதுக்குவது என்று வயது வந்த ஆட்களுக்கே சொல்லிக் கொடுத்துக் கொடுத்து, உலகத்தில் யாருக்கும் எதையும் தன்னால் சொல்லிக் கொடுத்துவிட முடியும் என்ற நினைப்பு அவருக்கு ஊறிப்போய்விட்டது. எங்கள் மகள் தாரிகா தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பான தொடக்கநிலை ஆறுக்கு வந்த அன்றே, கணக்கு இனிமேல் தன் பொறுப்பு என்று அவரே அறிவித்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

தாரிகாவின் கணக்கு ஆசிரியை மிஸ் கோ சின்னப் பெண். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் முதலில் பெட்டி வரை என்பார். ஒரு பெட்டி ஒரு யூனிட். யாரிடம் எத்தனை பெட்டி என்று வரைந்து முடித்த பிறகுதான் எண்ணையே தொடவேண்டும். இது என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"இவங்க கணக்கு சொல்லித் தராங்களா, வீடு கட்டறாங்களா? எதுக்கு இத்தனை பெட்டி?" என்றார். தேர்வுக்கு முதல் நாள் மாலை ஒரு பயிற்சிக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு அவளுக்குக் குறுக்குவழி சொல்லிக் கொடுத்தார். அதில் பையன்களும் பெண்களும் மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் இருந்தார்கள். கொஞ்சம் பையன்கள் வந்தபிறகு ஐந்துக்கு நான்கு ஆனார்கள். "முன்னாடி மூணு, இப்ப அஞ்சு. கூடினது ரெண்டு யூனிட். வந்த ஆளுங்களை ரெண்டால வகு. முடிஞ்சுது, லா."

விடை சரியாகவே வந்தது. பஸ் ஓட்டுகிறவர்களிடம் குறுக்குவழியில் போனால் வேலை போய்விடும் என்று எச்சரிக்கிற மனிதர், அன்றைக்குச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சாப்பிட வந்தார்.

தேர்வுத் தாள் திரும்பி வந்தபோது கடைசிக் கணக்கில் ஐந்து மதிப்பெண்ணும் போயிருந்தது. அவர் தாளைப் படிக்கவில்லை. சிவப்பு முட்டையைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், முடித்துவிட்டார். தாரிகா என்ன எழுதியிருந்தாள் என்று நானும் பார்க்கவில்லை. அதை இப்போது வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

"பந்து பின்னாடியே ஓடினா கணக்கு எங்கேருந்து வரும்?" என்றார்.

தாரிகா பள்ளியின் பெண்கள் கால்பந்து அணியில் இடதுபக்கம் ஆடுகிறவள். இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இந்த வருஷம்தான் பதினோரு பேரில் ஒருத்தி ஆகியிருக்கிறாள். அடுத்த வாரம் காலிறுதி. பெற்றோர் சம்மதம் கேட்டுக் கைபேசிக்குச் செய்தி வந்திருந்தது. 'சம்மதம்' என்பதை ஒரு தடவை அழுத்தினால் போதும். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அழுத்தாவிட்டால் அவள் இடத்தில் வேறு பிள்ளையைப் போட்டுவிடுவார்கள். கணக்கு வராதவளுக்குப் பந்து எதற்கு என்று அவர் அழுத்த மறுத்துவிட்டார். என் கைபேசிக்கும் அது வந்தது. நானே அழுத்தியிருக்கலாம். தடுத்தவரே திறக்கட்டும் என்ற வீம்பில் விட்டுவைத்தேன். தாரிகா எங்கள் இரண்டு பேரிடமும் எதுவும் கேட்கவில்லை. காலணியைக் கழுவிக் காயவைத்தாள், அவ்வளவுதான்.

அதே சனிக்கிழமை காலை பள்ளியில் பெற்றோருக்குக் கணக்குப் பட்டறை. வருஷா வருஷம் நடக்கும். பிள்ளைகளுக்கு வீட்டில் நாம் பழைய மாதிரி சொல்லிக் கொடுத்துக் குழப்பாமல் இருக்க, நம்மையே உட்காரவைத்துச் சொல்லித் தருவார்கள். என் வீட்டுக்காரர் கிளம்பும்போதே, "அந்தப் பொண்ணுக்கு நானும் ரெண்டு விஷயம் சொல்லிட்டு வரேன்" என்றார். சட்டைப் பையில் இரண்டு பேனா.

பிள்ளைகளின் நாற்காலிதான் எங்களுக்கும். அவர் முழங்கால் மேசைக்கு மேலே நின்றது. மிஸ் கோ சுற்றிச் சுற்றி வந்து கறி பஃப் கொடுத்தார். பிறகு விதியைச் சொன்னார்.

"வீட்டுக்கு ஒரு தாள். போன தேர்வில வந்த கடைசிக் கணக்கு அப்படியே இருக்கு. பெரியவங்க போடணும். பிள்ளைங்க பக்கத்தில உக்காரணும், ஆனா வாயே திறக்கக் கூடாது. முடிஞ்சதும் பிள்ளைங்கதான் திருத்தணும்." தாரிகா கையில் ஒரு சிவப்புப் பேனா வந்தது.

கணக்கு இதுதான்: மண்டபத்தில் பையன்களும் பெண்களும் மூன்றுக்கு நான்கு. பதினைந்து பையன்கள் உள்ளே வந்தார்கள். இப்போது ஐந்துக்கு ஆறு. முதலில் எத்தனை பையன்கள்?

"இது நான் சொல்லிக் கொடுத்ததுதான்" என்று என் காதில் சொன்னார். "மூணு, அஞ்சு, ரெண்டு யூனிட். பதினஞ்சை ரெண்டால வகுத்தா..." பேனா நின்றது. ஏழரை வந்திருந்தது. மூன்றால் பெருக்கினார். இருபத்திரண்டரை.

"அரைப் பையன் எப்படிங்க வருவான்?" என்றேன்.

"சும்மா இரு, திலகா."

"இல்ல, ஒரு கால் உள்ள ஒரு கால் வெளியன்னு வாசல்ல நிக்கறானோ என்னமோ."

பக்கத்து மேசையில் இருந்த, தாரிகாவின் வகுப்புத் தோழியின் அம்மா நூர்ஹயாத்தி எங்கள் பக்கம் சாய்ந்தார். "எனக்கும் அரைதான் வந்திருக்கான், திலகா. உங்க அரையையும் என் அரையையும் சேர்த்தா ஒரு முழுப் பையன் தேறிடுவான்." அவர் மகள் அதற்குள் தாள் முழுக்க ஒரு பெரிய தப்புக்குறி போட்டு, அதன் அடியில் அழகாகக் கோடும் இழுத்துவிட்டாள்.

என் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு இருபத்திரண்டரையை அடித்துவிட்டு இருபத்து மூன்று என்று எழுதி, தாளை மகள் பக்கம் தள்ளினார்.

தாரிகா அந்த இருபத்து மூன்றைப் பார்த்தாள். அவள் காது மடல் சிவந்துவிட்டது. அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மெதுவாக, சின்னதாக, 'சரி' என்று குறி போட்டாள்.

அவர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். மிஸ் கோ வந்து தாளை எடுத்தார்.

"தாரிகா, இது சரியா?"

அவள் சிவப்புப் பேனாவை மேசைக்கு அடியில் இறக்கினாள்.

"அவதான் சரின்னு போட்டிருக்காளே" என்றார் இவர்.

"மிஸ்டர் செங்கு, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. யாரு உள்ள வந்தது?"

"பையன்க."

"பெண்கள்ல யாராவது வந்தாங்களா, போனாங்களா?"

"இல்ல."

"அப்ப முன்னாடி நாலு பெட்டியா இருந்தவங்க இப்ப எப்படி ஆறு பெட்டி ஆனாங்க?"

இவர் தாளில் இருந்த நாலையும் ஆறையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஆளு கூடல. பெட்டிதான் சின்னதாயிருக்கு. முன்னாடி பெட்டி வேற அளவு, பின்னாடி பெட்டி வேற அளவு. ரெண்டையும் கழிச்சா எப்படி?" மிஸ் கோ தாளின் ஓரத்திலேயே வரைந்தார். "மாறாதவங்களை முதல்ல பிடிக்கணும். பெண்களை ரெண்டு இடத்திலயும், நாலுக்கும் ஆறுக்கும் பொதுவா, பன்னெண்டு பெட்டியா வைங்க. பையன்க முன்னாடி ஒம்போது, பின்னாடி பத்து. கூடினது ஒரே பெட்டி. அதுல பதினஞ்சு பேர். ஒம்போது பெட்டிக்கு நூத்து முப்பத்தஞ்சு."

"அன்னைக்கு வீட்ல போட்டது சரியா வந்துச்சே, மிஸ்."

"அதுல பெண்கள் எத்தனை யூனிட்?"

"நாலு. அப்புறமும் நாலு." சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. பெண்கள் அப்படியே இருந்ததால் பெட்டியும் அப்படியே இருந்திருக்கிறது. அதனால்தான் அன்றைக்கு விடை பொருந்தியது. அவருடைய கெட்டிக்காரத்தனம் அதில் எதுவும் செய்யவில்லை.

மிஸ் கோ அடுத்த மேசைக்குப் போனார். என் வீட்டுக்காரர் தாரிகா பக்கம் திரும்பினார். கோபப்படப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தப்புன்னு தெரியும் இல்ல? ஏன்டா சரின்னு போட்டே?"

தாரிகா பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"டெஸ்ட்லயும் எனக்கு இருபத்திரண்டரை வந்துச்சுப்பா. தப்புன்னு அப்பவே தெரிஞ்சுது. பெட்டி வரைஞ்சு திரும்பப் போடலாம்னு பார்த்தேன், நேரம்கூட இருந்துச்சு."

"அப்புறம் ஏன் போடல?"

"நீங்க சொல்லிக் கொடுத்ததாச்சே. அதை அடிக்க மனசு வரல. இருபத்து மூணுன்னு எழுதிட்டேன்."

இத்தனை நாள் பந்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். பிள்ளை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தன் ஆட்டம் போனாலும் அப்பாவின் பேர் போகக்கூடாது என்று இருந்திருக்கிறாள். வீம்பு பிடித்துக்கொண்டு அழுத்தாமல் இருந்த என் கையை நினைத்தும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவர் அவள் கையிலிருந்த சிவப்புப் பேனாவை வாங்கி, இருபத்து மூன்றின் மேல் தானே குறுக்கே கோடு போட்டு, ஓரத்தில் முட்டையும் போட்டார். கைபேசியை எடுத்தார். மணி பதினொன்று நாற்பது. மூக்குக்கண்ணாடியை மேலே தூக்கிவைத்துக்கொண்டு, அழுத்தவேண்டிய இடத்தைத் தேடி அழுத்தினார். தப்பான இடம். திரும்பப் போய் மறுபடி அழுத்தினார். 'சம்மதம் பதிவாகியது' என்று வந்ததை அவளிடம் காட்டினார்.

"அந்த அஞ்சு மார்க் உன்னால போகல, தாரிகா. என்னால போச்சு" என்றார். பக்கத்து மேசைக்குக் கேட்கும்படியே சொன்னார். நூர்ஹயாத்தி கறி பஃப்பைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "இனிமே அப்பா சொல்றது தப்புன்னு தோணுச்சுன்னா, நேரா தப்புன்னு சொல்லணும். புரியுதா?"

"எத்தனை தடவை சொல்லலாம்?"

"எத்தனை தடவை தப்பு பண்றேனோ, அத்தனை தடவை."

தாரிகா யோசித்தாள். அவள் மனசுக்குள் ஒரு பட்டியல் ஓடுவது எனக்கே தெரிந்தது.

"அப்ப இப்பவே ஒண்ணு சொல்லவா?"

"சொல்லு."

"நான் டெஸ்ட்ல தப்பா எழுதினதும் உங்க தப்புன்னு சொல்றீங்க. அது தப்பு. சரியான வழி எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுதாதது நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அவரைச் சீண்டுவதற்கு வாயெடுத்தேன். கல்யாணமான பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.