தராசின் மூன்றாவது எண்

தராசைத் திறந்ததுமே தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டாள். அண்ணனின் கறிக்கடையில் பன்னிரண்டு வருஷம் உழைத்த எலக்ட்ரானிக் தராசு. உள்ளே கொழுப்பு மஞ்சளாக உறைந்திருந்தது. அதில் கரப்பான்கள் குடும்பத்தோடு ஒட்டிச் செத்துக் கிடந்தன.

"சீ! இதுல நிறுத்த கறியைத்தான் ஊரே தின்னுதா?"

வேறு வழியில்லை. போன மாதம் வீட்டு பிரிட்ஜ், அப்பாவின் இன்சுலினை உறைய வைத்துவிட்டது. உறைந்த மருந்து தண்ணீருக்குச் சமம். தெரியாமல் அதையே போட்டுக்கொண்ட அப்பா குளியலறையில் மயங்கி விழுந்தார். உள்ளே எத்தனை டிகிரி என்பது இனி கதவிலேயே எரிய வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்தால் மருந்து பிழைக்கும். லிஃப்ட் மெக்கானிக் அவள். எண்களை எரிய வைக்கும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டும் குளிரை அளக்கும் சென்சாரும் கைவசம் இருந்தன. எண் காட்டும் எல்இடிதான் இல்லை. "என் பழைய தராசைப் பிச்சு எடுத்துக்கோ" என்று அண்ணன் பெரிய வள்ளல் மாதிரி கொடுத்துவிட்டுப் போனான்.

ஸ்பிரிட்டும் பழைய பல்துலக்கியும் வைத்துத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க நாற்றம்தான் கூடியது. நான்கு எண்களில் மூன்று மங்கிப் போயிருந்தன. மூன்றாவது மட்டும் பளிச்சென்று இருந்தது. அதன் முதுகில் யாரோ பசை பூசியிருந்ததால் அழுக்கு ஏறவில்லை. பிரிட்ஜுக்கு ஓர் இலக்கம் போதும். வயர்களை போர்டில் இணைத்து, 'எட்டு' போட்டுப் பார்த்தாள். லிஃப்ட்டில் மாடி எண் மாட்டினாலும் அதுதான் வழக்கம். எட்டில் ஏழு கோடுகளும் எரியும். செத்த கோடு இருந்தால் தெரிந்துவிடும். எட்டு ஜம்மென்று எரிந்தது.

சென்சாரை உள்ளே வைத்ததும் ஏழு காட்டியது. ஏழு எல்லையோரம் ஆயிற்றே என்று குளிரைக் கொஞ்சம் கூட்டினாள். அரை மணி நேரமாகியும் ஏழுதான். இன்னும் கூட்டினாள். கண்ணெதிரே ஏழு போய் பூஜ்யம் வந்தது. நடுவில் ஆறும் இல்லை, ஐந்தும் இல்லை.

பதறிப்போய்க் கதவைத் திறந்தாள். நேற்று வாங்கிய மருந்துக் குப்பிக்குள் ஐஸ் நூல் நூலாகப் படர்ந்திருந்தது.

சென்சாரைக் கழற்றிவிட்டு, போர்டைப் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை வரிசையாகக் காட்ட வைத்தாள். ஒன்று வரவேண்டிய இடத்தில் ஏழு வந்தது. நான்கு வரவேண்டிய இடத்தில் ஒன்பது. மற்றதெல்லாம் ஒழுங்கு. பசையைச் சுரண்டினாள். மேல்கோட்டை எப்போதும் எரிய வைக்க, தலைமுடி கனத்தில் ஒரு வயர் உள்ளே ஒளிந்திருந்தது. ஒன்றுக்கு மேல்கோடு சேர்ந்தால் ஏழு; எல்லாக் கோடும் எரியும் எட்டில் அது தெரியாது. தராசில் 0.410 என்று வரவேண்டிய நானூற்றுப் பத்து கிராம் கறி, 0.470 என்று நானூற்று எழுபதாகிவிடும். கரப்பானைத் தொட்டபோதுகூட அவள் உடம்பு இப்படிக் கூசவில்லை.

சாயங்காலம் வந்த அண்ணனிடம் அப்பா குப்பியை நீட்டினார். "இந்தா, உன் தராசு பண்ண வேலை."

"நல்ல மருந்து வீணாப் போச்சு. நான் பார்க்காம இருந்திருந்தா இதைத்தான் அப்பா போட்டிருப்பாரு" என்றாள் அவள். "வயர் இருக்குன்னு சொன்னியா நீ?"

"நீ லைட்டு கேட்டே, குடுத்தேன். அப்பாவுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே."

"எனக்கும் இதுலதான் நிறுத்துக் குடுத்தியாடா?" என்றார் அப்பா.

"தராசுக்கு ஆள் தெரியுமாப்பா?" என்று அவன் சிரித்தான். பிறகு தங்கை பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, கொஞ்சலாகவே கேட்டான். "அந்த வயரை எப்படிப் போட்டிருக்கான்னு பார்த்துட்டே இல்ல? வாங்கியிருக்கிற புதுத் தராசுக்கும் அதே மாதிரி போட்டுக் குடேன். பழைய ஆள் செத்துட்டான்."