மெத்துக்காது

எங்கள் செங்டு பக்கத்தில் பெண்டாட்டி பேச்சைத் தட்டாதவனுக்கு மெத்துக்காதன் என்று பெயர். திருகின பக்கமெல்லாம் வளைகிற காதாம். கல்யாணமான மாதமே எனக்கு அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது. அதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது. ஜின்ரோங் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எங்கள் டீக்கடையில் காய் உருட்டி ஆடுகிற மாஜாங்குக்கு மேசை போட்டதும் அவள், கூட்டம் சேர்த்ததும் அவள். நான் கோப்பைக்குக் கோப்பை வெந்நீர் ஊற்றிக்கொண்டு திரிந்தேன். சந்தோஷமாகத் திரிந்தேன்.

அப்பேர்ப்பட்டவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலைமேல் தாவோ மடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். இந்த வசந்தத்தில் மடத்திலிருந்து ஆள் வந்தது. அவள் முடியை உச்சியில் முடிந்து ஊசி செருகித் தீட்சை கொடுக்கப் போகிறார்களாம். புருஷன் நேரில் வந்து வாயால் சம்மதம் சொல்ல வேண்டுமாம். சம்மதமாவது மண்ணாங்கட்டியாவது! கூட்டிக்கொண்டே வருகிறேன் பார் என்று கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

மூத்த குருவம்மா முன்னால் நின்று நான் கத்தாத கத்தல் இல்லை. அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, "முடிஞ்சுதா? தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

"எனக்குத் தண்ணி வேணாம். பெண்டாட்டி வேணும்."

"வேணும்னா 'முடியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அன்னைக்கே அவ உங்ககூட இறங்கி வந்துடணும். அதுதான் எங்க வழக்கம். ஆனா இப்ப சொல்லாதீங்க. காலையில வெளியாளுங்களுக்கு ஒரு வகுப்பு நடக்குது. கொஞ்ச நாள் அதுல உக்காருங்க. மூச்சு கீழ இறங்கட்டும், அப்புறம் சொல்லுங்க."

சரி, இதுவும் ஒரு வேஷம், போட்டுவிட்டுப் போவோம் என்று உட்கார்ந்தேன். வகுப்பு எடுப்பது யார் தெரியுமா? அவளேதான். சாம்பல் அங்கி, துணிக் காலணி. என்னைப் பார்த்தாள். "வாங்க ஐயா, முதுகை நிமிர்த்தி உக்காருங்க" என்றாள். ஐயா! "யோவ், வெந்நி எங்கய்யா?" என்று தெருமுனை வரைக்கும் கேட்கக் கூப்பிட்டவள்.

தியானத்துக்கு முன்னால் உடம்பைப் படியவைக்கிற பயிற்சி அது. எல்லாம் உட்கார்ந்தபடியேதான். கண்ணை மூடிக்கொண்டு பல்லோடு பல் தட்டுவது, கழுத்தை மெல்லத் திருப்புவது, நாக்கைச் சுழற்றி ஊறுகிற எச்சிலைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குவது, உள்ளங்கையைச் சூடாகத் தேய்த்து இடுப்பில் வைப்பது. நடுவில் முரசு என்று ஒன்று உண்டு. இரண்டு உள்ளங்கையாலும் காதை அடைத்துக்கொண்டு, பின்னந்தலையில் விரலைச் சொடுக்கித் தட்ட வேண்டும். மண்டைக்குள் டம் டம் என்று கேட்கும். வெளியுலகம் ஒன்றும் கேட்காது. அதுதான் அதன் குணமாம்.

பக்கத்துப் பாயில் பாங் அண்ணன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், முழங்கால் வலிக்காக வருகிறவர். வாய்க்கு மட்டும் ஓய்வில்லை.

"என்ன ஜியான், முரசு கேக்குதா?"

"எனக்குத் தவளைச் சத்தந்தான் கேக்குது."

"பின்ன, மெத்துக்காதை வச்சுக்கிட்டு அடைச்சா எப்படி அடையும்? எங்க பக்கம்தான் நீயும், மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

ஜின்ரோங் எல்லோரையும் போலச் சிரித்துவிட்டு, சட்டென்று சிரிப்பை விழுங்கினாள். அந்த அரைச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனை கோட்டை கட்டினேன்! வந்துவிடுவாள் என்றே முடிவு செய்தேன். கடையில் மாஜாங் மேசையைத் தூக்கிவிட்டு நூடுல்ஸ் போடலாம் என்றுகூட யோசித்துவைத்தேன்.

மேசையை ஏன் தூக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விளங்காது. எங்களுக்கு மியான்மியான் என்று ஒரு பெண் இருந்தாள். ஆறு வயது. கடைக்குப் பின்னால் கால்வாய், இறங்கக் கல்படி. நான் தேயிலை வாங்கச் சந்தைக்குப் போயிருந்தேன். ஜின்ரோங் ஆள் குறைந்த மேசையில் கை கொடுக்க உட்கார்ந்திருந்தாள். குழந்தை படியிலிருந்து தண்ணீரில் விழுந்துவிட்டது. மதகுப் பக்கம்தான் எடுத்தார்கள்.

ஊர் வாயை நான்தான் அடைத்தேன். போலீஸ்காரரிடம், மாமியாரிடம், பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: "எல்லா மேசையிலயும் காயைப் போட்டு உருட்டுறாங்க, அந்தச் சத்தத்துல குழந்தை கத்தினா யாருக்குய்யா கேக்கும்? அவமேல என்ன தப்பு?" அவளிடமும் சொன்னேன். காலையில் சொன்னேன், சாப்பிடும்போது சொன்னேன், அவள் தூங்காமல் கிடக்கும்போது தலையைத் தடவிச் சொன்னேன். "உனக்குக் கேட்டிருக்காதும்மா." அவள் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. துக்கத்தில் வாய் அடைத்துப்போயிற்று என்று நினைத்தேன். ஒரு நாள் மடத்துக்குப் போய்விட்டாள்.

சம்மதம் சொல்ல வேண்டிய நாள் வந்தது. அன்றும் வகுப்பு நடந்தது. குருவம்மாவும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். 'முடியாது' என்ற வார்த்தையை நாக்கு நுனியிலேயே தயாராக வைத்திருந்தேன்.

முரசு தொடங்கியது. எல்லோரும் கண்ணை மூடிக் காதை அடைத்துத் தட்டினோம். எனக்கு வழக்கம்போல விரல் கோணல். முதுகுப் பக்கம் அங்கி உரசியது. அவள் குனிந்து என் கைகளின்மேல் தன் கைகளை வைத்தாள். எவ்வளவு காலத்துக்கு அப்புறம் அந்தக் கை! எனக்குத் தட்டுவதே நின்றுபோயிற்று. கோணலை நேராக்குவதுபோல என் உள்ளங்கைகளைக் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. பிடரியில் அவள் மூச்சு பட்டது.

அவள் பேசினாள். அடைத்த காதில் விழாது என்ற நம்பிக்கையில்தான் பேசினாள். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் காதை மூடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் என் இடது கைக்கும் காதுக்கும் நடுவில் ஓர் இடுக்கு இருந்தது. பாங் அண்ணன் சொன்னது சரிதான், எனக்கு ஒருபோதும் முழுசாக அடைபட்டதில்லை.

"யோவ்... அவ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுய்யா. 'அம்மா, செருப்பு தண்ணியில போகுது'ன்னா. நல்லாக் கேட்டுச்சு. இன்னும் ஒரே ஒரு காய் வந்தா எனக்கு ஜெயம். அது வரட்டும்னு உக்காந்திருந்தேன். 'இருடி'ன்னுகூடச் சொல்லல."

கையை எடுத்துவிட்டாள். அடுத்த பாய்க்குப் போய்விட்டாள்.

எழுந்து அவள் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன். என் மகள் செருப்புக்காகக் கூப்பிட்டிருக்கிறாள். எடுத்துக்கொடுக்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? பாவி, ஒரு காய்க்காகவா! காதைப் பொத்தின கை பொத்தினபடி இருக்க, கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் மற்றது உறைத்தது. அவள் தலையைத் தடவித் தடவி 'உனக்குக் கேட்டிருக்காதும்மா' என்று சொன்னேனே, ஐயோ, ஒவ்வொரு தடவையும் அவளை அல்லவா அறுத்திருக்கிறேன். ஆறுதல் என்று நினைத்து அறுத்திருக்கிறேன். பதிலுக்கு அவள் இந்த ஒரு வாக்கியத்தை விழுங்கிக்கொண்டே கிடந்திருக்கிறாள்.

முரசு நின்றது. கையை இறக்கச் சொன்னாள். இறக்கும்போதே அவள் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்ன கேட்டது என்று ஒவ்வொருவரையும் கேட்பது வகுப்பு வழக்கம். ஓர் அம்மாள், மழை மாதிரி இருந்தது என்றாள். பாங் அண்ணன், "என் பழைய பஸ் இஞ்சின்தாம்மா, வேறென்ன" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

என்னிடம் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஐயாவுக்கு என்ன கேட்டுச்சு?"

கேட்டது என்று சொல்லியிருக்கலாம். போகட்டும் விடு, வா வீட்டுக்கு என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால், என் கண்ணெதிரே அவளால் ஒரு நாள் உயிரோடு இருக்க முடியுமா? தெரியாதவன்போல வீட்டில் வைத்துக்கொண்டால், பழைய ஆறுதலை இன்னொரு தடவை என் வாயால் எப்படிச் சொல்லுவேன்?

"முரசு மட்டுந்தான் கேட்டுச்சு," என்றேன்.

"வேற ஒண்ணும்?"

"ஒண்ணுமில்லம்மா. இன்னைக்குத்தான் காது சரியா அடைச்சுச்சு."

அவள் தோள் இறங்கியது. நெடுநாள் தூக்கிக்கொண்டு நின்ற ஏதோ ஒன்றைக் கீழே வைத்த மாதிரி மூச்சு விட்டாள். நான் குருவம்மாவைத் திரும்பிப் பார்த்து, "சம்மதங்க. இனிமே அவ எங்க வீட்டுக்கு வரவேணாம்" என்றேன்.

"அடப்பாவி, என்ன கல்நெஞ்சுடா உனக்கு!" என்றார் பாங் அண்ணன். கூட இருந்த அம்மாளும் உச்சுக்கொட்டினாள். சொல்லட்டும்.

ஜின்ரோங் எனக்கு எதிரே வந்து நின்றாள். ஒரு கையால் மறுகையை மூடி, அன்னியருக்குச் செய்வதுபோல என்னைக் கும்பிட்டாள். அழுதாள். நான் அவளை மன்னித்தேனா என்று எனக்கே இன்றுவரை தெரியவில்லை, ஆனால் என் வாழ்க்கையில் அவளுக்குக் கொடுக்க மிச்சமிருந்தது அந்த ஒரு பொய்தான், அதைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன்.