இருபத்துமூன்றாம் அட்டை

மனைவி நஸ்லியா மவுத்தாகி எட்டு மாதம் கழித்து முர்ஷித் மறுபடியும் பபிள்கம் அட்டைகளைக் கட்டிலில் பரப்பினான். ஐம்பத்துமூன்று வயதில் இதென்ன விளையாட்டு என்று கேட்க அவளும் இல்லை. மகள் நதீரா கட்டாரில். பள்ளிக்கூட நாளில் பபிள்கத்தோடு வந்த மிருகப் படங்கள், மொத்தம் நாற்பது. இருபத்துமூன்றாம் இடம் மட்டும் வெறுமை. அந்த ஒன்றுக்காகக் கொழும்பு, கண்டி என்று பேஸ்புக்கில் அவன் கெஞ்சாத ஆள் கிடையாது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். அட்டை பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பில், சைக்கிளில் பத்து நிமிடத் தூரத்தில் இருந்தது.

அது பன்றிப் படம். யானைக்கும் நரிக்கும் இடம் கொடுத்த உம்மா இதைக் கண்டதும், "ஹராமான சாமான ஊட்டுக்க கொண்டு வராத!" என்று விளக்குமாற்றைத் தூக்கினார். பத்து வயது முர்ஷித் அதைக் கூடப் படித்த ஜீவராஜிடம், "வெச்சிரு, புறகு எடுக்கன்" என்று கொடுத்தான். பிறகு, யுத்தத்தில் இரண்டு ஊரும் ஒன்றைக் கண்டு ஒன்று பயந்த வருடங்கள் வந்தன. பயம் தீர்ந்த பின்னும் இத்தனை நாள் போகாமல் விட்ட வெட்கம் தீரவில்லை.

இந்த வெள்ளி ஜும்மா முடிந்த கையோடு போய்விட்டான். தலை முழுக்க நரைத்த ஜீவராஜ் வாசலில் நின்று உற்றுப் பார்த்தான்.

"ஆரு... முர்ஷித்தா? வா மச்சான், உள்ளுக்கு வா. உம்மா சுகமா இரிக்காவா?"

"உம்மா மவுத்தாகி இருவது வருஷம்டா."

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. ஜீவராஜ் தேத்தண்ணி போட உள்ளே போனான். ஜீவராஜும் தனியாகத்தான் இருந்தான். அடுப்படியில் ஒரே ஒரு கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது.

முர்ஷித் தயங்கித் தயங்கிக் கேட்டதும், அலுமாரிக்கு மேலிருந்து பிஸ்கட் டின் இறங்கியது.

"சுனாமியண்டு ஐடென்டிட்டி காட் கிடந்த டின்னத் தூக்கிட்டு ஓடினன். அதுக்குள்ளதான் இதும் கிடந்த. இந்தா, உன்ட சாமான்."

ஓரம் மஞ்சளித்திருந்தது. பன்றிக்கு ஒரு குறையும் இல்லை. கையில் வாங்கிய பிறகுதான் முர்ஷித்துக்கு ஒன்று உறைத்தது. இதைக் கொண்டுபோய் வைத்தால் நாற்பதும் நிறைந்துவிடும். அதன் பிறகு இந்த வீட்டுக்கு எதைச் சொல்லிக்கொண்டு வருவது?

"இஞ்சயே இரிக்கட்டும்டா," என்றான். "ஊட்ட கொண்டு போனா உம்மா ஏசுவா."

ஜீவராஜ் அவன் முகத்தைப் பார்த்தான்.

"ஓம், ஏசுவாதான். அடுத்த வெள்ளி வந்து பாரு."

அட்டையை உள்ளே வைத்து மூடினான். டின்னைத் திரும்ப அலுமாரிக்கு மேல் ஏற்றவில்லை. மேசையில், தேத்தண்ணிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தான்.