பூரிக்கு வேண்டிய சாமான்கள்

கண்ணில் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் குனியக்கூடாது, தூசி படக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், ரஹீமுன்னிசாவுக்கு முதலில் வந்த கவலை பூரியைப் பற்றியதுதான். கல்யாண ஊர்வலங்களுக்காகப் புளியந்தோப்பில் அவள் வளர்க்கிற செம்பழுப்புப் பெண்குதிரை அது.

"எங்க வூட்டாண்ட அனுப்பு, நான் பாத்துக்கறேன்" என்றாள் டெபோரா. இருவரும் ராயபுரத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். டெபோரா இப்போது திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். மூன்று டன் சரக்கை அலுங்காமல் தூக்கி வைக்கிறவளுக்குக் குதிரை ஒரு பெரிய விஷயமா என்று நினைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை குட்டியானை வண்டியில் பூரி வந்து இறங்கியது. வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த பழைய ஐஸ் ஷெட்டுக்குள் ஒரு மகாராணியைப் போல நடந்துபோய் நின்றது. வண்டியும் போய்விட்டது. போன பிறகுதான் தெரிந்தது, பூரியின் சாமான் மூட்டை டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது. அந்த டிரைவர் நெல்லூருக்கு லோடு எடுத்துப் போயிருந்தான், போனும் அணைந்திருந்தது.

"பேரு இன்னா?" என்று கேட்டார் அருள்பிரகாசம், டெபோராவின் கணவர். ரயில்வே பணிமனையில் ஃபிட்டர்.

"பூரி."

"கெழங்கு எங்க கீது?"

டெபோரா சிரிக்கவில்லை. மூட்டை இல்லாமல் ஒரு குதிரையை ஒரு வாரம் எப்படிக் காப்பாற்றுவது என்ற யோசனையில் இருந்தாள். போனில் ரஹீமுன்னிசா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இருவரும் தேடிக் கிளம்பினார்கள். தண்ணீர் வைத்த வாளியைப் பூரி ஒரே உதையில் உடைத்துவிட்டதால், நீல டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்துத் தூணோடு கட்டினார் அருள்பிரகாசம். படகு கட்டும் நைலான் கயிறு இழுபட்டால் தோலை உரித்துவிடும் என்று ரஹீமுன்னிசா மறுத்ததால் பருத்திக் கயிறு வாங்கி வந்தார்கள். கீழே பரப்ப தண்டையார்பேட்டை மர மில்லிலிருந்து மூன்று மூட்டை மரத்தூள். சாணம் அள்ள மண்வெட்டி, தள்ளிக்கொண்டுபோக பக்கத்து வீட்டு செங்கொடி மீன் விற்கும் தள்ளுவண்டி.

"கழுவித்தான் குடுப்ப இல்ல?" என்று மட்டும் கேட்டாள் செங்கொடி.

உடம்பு தேய்க்கத் தேங்காய் நார். முதல்நாள் முகத்தைத் திருப்பிக்கொண்ட பூரி, மூன்றாம் நாள் டெபோரா நாரோடு வந்தாலே முதுகைக் காட்டி நின்றது. யார்டில் வேலை முடிந்ததும் அவளுக்கு இப்போது நேராக ஷெட்டுக்குத்தான் கால் போயிற்று.

சனிக்கிழமை காலை பூரி இடது முன்னங்காலை ஊன்றாமல் நின்றது. டெபோரா உடனே போனை எடுத்தாள். மறுநாள் சாயங்காலம் தண்டையார்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பூரி போக வேண்டியிருந்தது. ரஹீமுன்னிசா கண்ணில் கட்டோடு வீட்டில் படுத்திருந்தாள்.

"கால எடுத்து அடியில பாரு. கல்லு மாட்டிக்கினு இருக்கும்" என்றாள் போனில். "மூட்டையில கொக்கி இருந்துச்சு. அது இல்லாம நோண்டாத."

அருள்பிரகாசம் உள்ளே போனார். உடைந்த வாளியின் கைப்பிடியை நறுக்கி வளைத்து, முனை குத்தாதபடி அரத்தில் ராவி, இருபது நிமிடத்தில் ஒரு கொக்கியோடு வந்தார். பிறகு பூரியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் காதில் ஏதோ பேச்சுக் கொடுத்தார்.

"தோள்லேர்ந்து கையத் தடவிக்கினே கீழ வா. கணுக்காலாண்ட லேசா அமுக்கு. அதுவே தூக்கும்" என்றாள் போன் ஸ்பீக்கரில் ரஹீமுன்னிசா.

தூக்கியது. அந்தப் பெரிய கால் தன் மடியில் வந்து சாய்ந்ததும் டெபோரா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குளம்பின் இடுக்கில் கருங்கல் ஜல்லி ஒன்று இறுகிக் கிடந்தது. பின்னாலிருந்து முன்பக்கமாக, அவசரப்படாமல் கிளறினாள். கல் தெறித்து விழுந்தது.

"ரத்தம் கீதா?"

"இல்ல ரஹீமு."

"அப்போ நாளைக்கு நீயே கூட்டிக்கினு போ."

"நானா? எனக்கு இன்னாடி தெரியும்?"

"கால மடியில வச்சிக்கினவளுக்கு இன்னும் இன்னா தெரியணும்?"

ஞாயிறு காலை பூரி நான்கு காலையும் ஊன்றி நின்றது. அதைச் சந்துக்குள் இரண்டு முறை நடத்திப் பார்த்த பிறகுதான் டெபோரா சம்மதித்தாள்.

மாப்பிள்ளை ரகுபதி கனமான ஆள். குதிரையைப் பார்த்ததும் பட்டு வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நடந்தே போயிடலாமா?" என்று அண்ணனிடம் கேட்டான். நான்கு பேர் ஏற்றிவிட்டார்கள். ஏறியவன் பிடரி மயிரை விடவேயில்லை.

"கீழ பாக்காத தம்பி, பொண்ணு வூட்டப் பாரு" என்றாள் டெபோரா.

பேண்டு முழங்கியது. பூரி காதை ஒருமுறை அசைத்துவிட்டு நடக்கத் தொடங்கியது. தெருவே மாடியில் நின்று பார்த்தது. அருள்பிரகாசம் கூட்டத்தின் ஓரமாக நடந்தபடி வீடியோ எடுத்தார். மாப்பிள்ளையை விட்டுவிட்டு முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறவளை மட்டுமே அவர் எடுத்தார் என்பது, மறுநாள் அதைப் பெரிதாக்கிப் பார்த்து மாப்பிள்ளை எங்கே என்று ரஹீமுன்னிசா திட்டியபோதுதான் டெபோராவுக்குத் தெரிந்தது.